க்ருஷ்காவின் நிறம்

“க்ருஷ்காவுல இருநூத்திப் பன்னெண்டு வீடு. இருநூத்திப் பன்னெண்டும் ருமேனியன் பேசுற வீடுன்னு இலாரியே எழுதியிருக்கான்—”

“எழுதியிருக்கான் ஐயா. ஆனா லுபோமிர்—”

“நான் இன்னும் முடிக்கலை.”

“லுபோமிர் அதே இருநூத்திப் பன்னெண்டையும் ருதேனியன்னு எழுதியிருக்கான். அதைத்தான் ஐயா நானும் சொல்ல—”

“அப்ப ரெண்டு பேர்ல ஒருத்தன் பொய் சொல்றான். யாருன்னு பார்த்து மத்தவன் கலரைப் போடு, முடிஞ்சது வேலை. இதுக்குப் போய் பாரோமீட்டரைத் துடைச்சிட்டிருந்தவனைக் கூப்பிடுவியா?”

“மூணாவதா எகோன் இருக்கான் ஐயா.”

“அவனுக்கு என்ன?”

“அவனும் க்ருஷ்காவுக்குப் போயிருக்கான். இருநூத்திப் பன்னெண்டும் ஜெர்மன்.”

புரொபசர் ஓபர்மோசர் மூன்று மாணவர்களின் அறிக்கைகளையும் எமிலியானிடமிருந்து வாங்கி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அப்படிப் பார்த்தால் ஒன்றாகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. நான் மேசைக்கு அந்தப் பக்கம் தூரிகையோடு உட்கார்ந்திருந்தேன். ஆள் நீளத்துக்கு விரித்துக் கிடந்த நிலப்படத்தில் க்ருஷ்கா மட்டும் அல்ல, மாநிலம் முழுவதுமே வெள்ளையாக இருந்தது. தூரிகை நுனியை உதட்டில் வைத்துத்தான் அப்போதெல்லாம் கூராக்குவோம். காலையிலிருந்து எந்த நிறம் என்று தீர்மானிப்பதும் மாற்றுவதுமாக இருந்ததில் என் நாக்கு மூன்று நிறத்திலும் இருந்தது.

“யுஸ்தினா, நீ என்ன கலர் போடப் போற?” என்றார் புரொபசர்.

“நீங்க சொல்றதை, ஐயா.”

“நான் எதுவும் சொல்லலையே.”

“அதான் எதுவும் போடலை.”

அது செவ்வாய்க்கிழமை. சனிக்கிழமை வியன்னா அமைச்சகத்திலிருந்து பெரிய அதிகாரி ஸெட்லர் ரயிலில் வருகிறார்; ஹோஃப்ராட் என்பது அவர் பட்டம். எங்கள் வெர்பிட்சா பல்கலைக்கழகத்தில் புவியியல் என்று தனியாக ஒரு துறை வேண்டுமா, அல்லது பழையபடி வரலாற்றுத்துறைக்குள்ளேயே மடித்து வைத்துவிடலாமா என்று பார்த்துச் சொல்லிவிட்டுப் போவார். புவியியல் அப்போதுதான் பிறந்த பிள்ளை. மாநிலத்துப் பள்ளிகளுக்கு வாத்தியார்கள் வேண்டும் என்று வியன்னாவில் யாருக்கோ தோன்றியதால், பேராசிரியர் ஒருவர், அறை ஒன்று, தாழ்வாரத்தில் பாதி, பித்தளை பாரோமீட்டர் ஒன்று, இவ்வளவும் எங்களுக்கு வந்து சேர்ந்தன. அந்த அறை முன்பு வரலாற்றுத்துறையுடையது. வரலாற்றுப் புரொபசர் தமாஸ்கின் தினமும் வாசலில் வந்து நின்று ஜன்னலை அளந்து பார்ப்பார்.

“புவியியல்னா என்ன, ஓபர்மோசர்? வரலாறு வந்து உட்கார நாற்காலி எடுத்துப் போடுறது. நாற்காலி போடுறவனுக்குத் தனி ரூம் எதுக்கு?”

“நாற்காலியே இல்லாம எத்தனை வருஷமா நின்னுட்டே பாடம் எடுத்தீங்கன்னு எனக்குத் தெரியும், தமாஸ்கின்.”

துறை நிரந்தரமானால் அதற்கு ஓர் உதவியாளர் பதவி வரும். சம்பளத்தோடு. இரண்டாம் மாடியில் இரண்டு அறை வீட்டோடு. அது எமிலியானுக்கு. எமிலியான் அப்போது டோசென்ட். பாடம் நடத்த அனுமதி உண்டு, சம்பளம் கிடையாது. அவனுக்கும் எனக்கும் நிச்சயமாகி ஏழு வருஷம் ஆகியிருந்தது. பல்கலைக்கழகத்தில் அடுப்பு மூட்டி, மணி அடித்து, சாவி வைத்திருந்த என் அப்பா ஒனுஃப்ரி அதில் கறாராக இருந்தார்.

“அவன் நல்லவன்தான். ஏழு வருஷமா நல்லவனாவே இருக்கான். முதல்ல வேலைக்காரனாகட்டும்” என்பார்.

ஆகவே க்ருஷ்கா என்ன நிறம் என்பது மற்றவர்களுக்கு விஞ்ஞானம். எனக்குக் கல்யாணம்.

அமைச்சகம் கேட்டது மாநிலத்தின் மக்கள் நிலப்படம். எந்த ஊரில் எந்தப் பேச்சு, நிறம் போட்டுக் காட்ட வேண்டும். அரசாங்கக் கணக்கெடுப்பு எட்டு வருஷம் பழையது. டிரோலிலிருந்து வந்த மலைக்காரரான ஓபர்மோசர் தான் ஏறாத மலையின் உயரத்தையும் நம்ப மாட்டார், தான் எண்ணாத எண்ணையும் நம்ப மாட்டார். அதனால் ஈஸ்டர் விடுமுறையில் மாணவர்களை வீடு வீடாக நடக்க அனுப்பினார். ஒரே ஆள் சொன்னதை நம்பக் கூடாது என்று ஒவ்வொரு ஊருக்கும் மூன்று பேரை, தனித்தனி வாரத்தில். அதுதான் விஞ்ஞான முறை என்றார். படிவம் அரசாங்கத்துடையதைப் போலவே. ‘தினசரிப் பேச்சு’ என்று ஒரு கட்டம், வீட்டுக்கு ஒரு பதில். இரண்டு எழுத இடமில்லை.

நிறம் பிரிக்கவே ஒரு பருவம் முழுவதும் போனது. எல்லாருக்கும் சிவப்பு வேண்டும். சிவப்பு இருக்கிற இடம் பெரிதாகத் தெரியுமாம். கடைசியில் புரொபசரின் தொப்பியில் சீட்டுப் போட்டு எடுத்ததில் லுபோமிருக்குச் சிவப்பு, இலாரியேவுக்குப் பச்சை, எகோனுக்கு மஞ்சள் விழுந்தது. எகோன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை, வண்ணத்தை நான் ஒதுக்கியது மாதிரி.

மூன்று பேரையும் அன்று மதியமே வரவழைத்தார்கள்.

“சத்தியமா சொல்லு எகோன். க்ருஷ்காவுல எல்லாரும் ஜெர்மனா பேசினாங்க?”

“நல்லாவே பேசினாங்க புரொபசர். வண்டியில பன்றி ஏத்துற மாதிரி பேசினாங்க, ஆனா ஜெர்மன்தான்.”

“பொய்” என்றான் லுபோமிர். “அந்த ஊர்ல ஒரு கிழவி எனக்கு ருதேனியன்ல மூணு மணி நேரம் தன் மருமகளைப் பத்திச் சொன்னா. மூணு மணி நேரம் ஒருத்தி கடன் வாங்கின பேச்சுல மருமகளைத் திட்டுவாளா?”

“அதே கிழவிதான்” என்றான் இலாரியே. “மூக்குல மரு இருக்குமே? என்கிட்ட நாலு மணி நேரம்.”

“உங்கிட்ட மருமகளைப் பத்தியா?”

“பின்ன. கிழவி பேரு வாசிலினா, சரியா? எனக்கு மருமக முகம்கூடத் தெரியும், அவ்வளவு சொன்னா.”

புரொபசர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். மூன்று பேரையும் அவர் வெளியே அனுப்பியதும், தாழ்வாரத்தில் யார் பொய்யன் என்று மூன்று பேரும் சண்டை போட்டது எங்களுக்குக் கேட்டது. லுபோமிர் எகோனை ஜெர்மனில் திட்டினான். எகோன் இலாரியேவுக்கு ருமேனியனில் பதில் சொன்னான்.

“நாளைக்கு விடியக்காலை நாமளே போறோம்” என்றார் புரொபசர். “வண்டி சொல்லு எமிலியான். யுஸ்தினா, நீயும் வா. பொம்பளைங்க பொம்பளைங்ககிட்ட உண்மையைச் சொல்லுவாங்க.”

“சொல்ல மாட்டாங்க ஐயா.”

“சரி, வந்து எழுதிக்கோ.”

புதன்கிழமை மத்தியானம் க்ருஷ்கா போய்ச் சேர்ந்தோம். ஊரைச் சுற்றி பேரி மரங்கள் பூத்து நின்றன. புரொபசர் முதலில் பாரோமீட்டரைத் தரையில் வைத்து உயரம் எடுத்தார், 412 மீட்டர். அது ஒன்றுதான் அன்று சச்சரவு இல்லாமல் எழுதப்பட்டது. ஊர்த்தலைவர் தநாசி வாசலுக்கு வந்து, கால்களைச் சேர்த்து விறைப்பாக நின்று, ராணுவ சல்யூட் வைத்து ஜெர்மனில் வரவேற்றார்.

“பன்னெண்டு வருஷம் பட்டாளத்துல இருந்தேன் ஐயா. கிராட்ஸ்ல. உள்ள வாங்க, களி கிண்டியாச்சு.”

மக்காச்சோளக் களியைப் பலகையில் கவிழ்த்து நூலால் அறுத்தார்கள். ஆட்டுப்பால் சீஸ், புளித்த பாலேடு. சாப்பாடு முடியும்வரை பொறுக்காமல் புரொபசர் படிவத்தை எடுத்தார்.

“உங்க வீட்டுல தினசரி என்ன பேசுவீங்க தநாசி?”

“யாருகூட ஐயா?”

“வீட்டுல.”

“வீட்டுல யாரு வந்திருக்காங்கன்னு பார்த்துதான்.”

“யாரும் வரலை. நீங்களும் உங்க மனைவியும் மட்டும்.”

தநாசி மனைவியைத் திரும்பிப் பார்த்தார். மூக்கில் மருவோடு வாசிலினா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

“நாங்க ரெண்டு பேர் மட்டும்னா அவ்வளவா பேசுறதில்லைங்க” என்றார்.

“மாட்டுகிட்ட?” என்றார் புரொபசர். விடுகிற ஆள் இல்லை அவர்.

“மாடு ருமேனியன்காரன் சந்தையில வாங்கினது. வேற எது பேசினாலும் அதுக்குப் புரியாது. குதிரைக்கு ஜெர்மன். அதுவும் பட்டாளத்துல இருந்த உருப்படி.”

“கோழிகிட்ட?”

“கோழிகிட்ட யாருங்க பேசுவா.”

எமிலியான் எழுதிக்கொண்டே குனிந்துகொண்டான், தோள் மட்டும் குலுங்கியது. புரொபசர் அவனைப் பார்த்துவிட்டு வாசிலினா பக்கம் திரும்பினார்.

“அம்மா, நீங்க சொல்லுங்க. உங்க வீட்டுக்காரரைத் திட்டுறப்ப எதுல திட்டுவீங்க?”

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதன்முதலாக யாரோ சரியான கேள்வி கேட்டுவிட்டார்கள் என்ற முகம்.

“அது என்ன தப்பு பண்ணினாருங்கிறதைப் பொறுத்தது. குடிச்சிட்டு வந்தா ருதேனியன். அது நீளமா வரும், ஆளு தூங்குற வரைக்கும் வரும். ஒண்ணும் பண்ணாம உட்கார்ந்திருந்தா ருமேனியன். அது நறுக்குன்னு இருக்கும். விருந்தாளி முன்னாடின்னா ஜெர்மன்.”

“ஏன் ஜெர்மன்?”

“அதுல எனக்கு ரெண்டு வார்த்தைதான் தெரியும். விருந்தாளிக்கு முன்னாடி அது போதும்.”

“கும்பிடுறது?”

“கோயில் பாஷையில. அது எங்க யாருக்கும் புரியாது. கடவுளுக்குப் புரியும்னு பாதிரியார் சொல்றாரு.”

புரொபசர் பென்சிலைக் கீழே வைத்தார். “தநாசி, என் மாணவங்க மூணு பேர் வந்தாங்க. மூணு பேர்கிட்டயும் மூணு விதமா சொல்லியிருக்கீங்க. அரசாங்கக் காகிதத்துல. ஏன்?”

தநாசிக்கு உண்மையாகவே மனம் நொந்துவிட்டது.

“மூணு விதமா சொல்லலை ஐயா. ஒரே விதமாத்தான் சொன்னோம். அந்தப் புள்ளைங்க அவ்வளவு தூரம் நடந்து வந்துச்சு, கால்ல கொப்புளம். அவங்க பேச்சுல கேட்டுச்சு. அந்தப் பேச்சுலயே பதில் சொன்னோம். அப்புறம், ‘நீங்க இதுதான் பேசுறீங்களா’ன்னு கேட்டுச்சு. பேசிட்டுத்தானே இருக்கோம், இல்லைன்னு எப்படிச் சொல்றது? ஆமான்னோம்.”

“ஊர்ல எல்லாருமா?”

“வந்தவன் பேச்சு தெரிஞ்சும் தெரியாத மாதிரி நடிக்கிறவன் ஒருத்தன் இருந்தான். அவன் ஊரை விட்டே போயிட்டான்.”

திரும்பி வரும்போது வண்டியில் புரொபசர் மூன்று அறிக்கைகளையும் மறுபடி புரட்டினார்.

“அப்ப மூணு பேர்ல ஒருத்தனும் பொய் சொல்லலை” என்றார் புரொபசர் கடைசியில். ஏமாற்றம் குரலில் தெரிந்தது.

“பட்டை போட்டுடலாம் ஐயா” என்றான் எமிலியான். “சிவப்பு, பச்சை, மஞ்சள். மூணு பட்டை.”

“க்ருஷ்காவுக்கு மட்டும்னா சரி” என்றேன் நான். “மத்த ஊர் அறிக்கையையும் நான் பார்த்தேன். நூத்தி நாப்பது ஊர் இப்படித்தான். மாநிலம் முழுக்கப் பட்டை போட்டா அது நிலப்படம் இல்ல, மெத்தைத் துணி.”

“உனக்கு எதுக்கெடுத்தாலும் குறை.”

“உங்களுக்கு எதுக்கெடுத்தாலும் பட்டை.”

எமிலியான் கோபம் வந்தால் ஒரு பேச்சில் ஆரம்பித்து வேறொன்றில் முடிப்பான். அவன் அப்பா ருதேனியப் பாதிரியார், அம்மா போலந்துக்காரி. எனக்கு அப்பா ருமேனியன், அம்மா ஜெர்மன் பேசுகிற ஸ்லோவாக்கியக்காரி. நாங்கள் சண்டை போட்டால் வண்டிக்காரன் குதிரையை மெதுவாக ஓட்டுவான், கேட்பதற்காக.

வியாழக்கிழமை முழுவதும் புரொபசர் படிவங்களைக் கூட்டிக்கொண்டிருந்தார். மாநிலத்தின் மக்கள்தொகை கிட்டத்தட்ட மூன்று மடங்கு வந்தது. வெள்ளிக்கிழமை காலை நான் தூரிகையைக் கழுவிக்கொண்டு போய் நின்றேன்.

“ஐயா, நாளைக்கு அவர் வர்றாரு. இன்னிக்குப் போட்டாத்தான் காயும். என்ன போடட்டும்?”

அவர் தலை தூக்கவில்லை. “அறிக்கைப்படி போடு.”

“எந்த அறிக்கைப்படி?”

“மூணுமே உண்மை யுஸ்தினா. உண்மையா இருக்கிறப்ப ஒண்ணை எடுத்து ஒண்ணை விட எனக்கு என்ன உரிமை? அறிக்கைப்படி போடு.”

நான் சொன்னதைச் செய்கிறவள். முதலில் இலாரியேவின் அறிக்கைப்படி பச்சை. மெல்லிசாக, ஒரே சீராக, ஊர் எல்லைவரை. காய்ந்ததும் எகோனின் அறிக்கைப்படி மஞ்சள், அதன்மேலேயே. பிறகு லுபோமிரின் சிவப்பு. அப்பா அடுப்பை நன்றாக எரியவிட்டார், ஒன்று காய்ந்து ஒன்று போட மாலை ஆகிவிட்டது. வண்ணம் ஓடாமல், திட்டு விழாமல், நான் இதுவரை போட்டதிலேயே சுத்தமான வேலை. ஆனால் சிவப்புக் காய்ந்த பிறகு நிமிர்ந்து பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது. மூன்றும் சேர்ந்து மாநிலத்தில் ஆள் இருக்கிற இடமெல்லாம் பழுப்பாகிவிட்டிருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் எமிலியான் அதைச் சுவரில் பார்த்துவிட்டு உட்காரவே இல்லை.

“என்ன பண்ணி வச்சிருக்க?”

“அறிக்கைப்படி போட்டிருக்கேன்.”

“பழுப்பு மலைக்குப் போடுற கலர் யுஸ்தினா. உலகத்துல எந்த நிலப்படத்தை எடுத்தாலும் பழுப்புன்னா மலை. மக்களைக் கேட்டாங்க, நீ மலையைப் போட்டிருக்க.”

“மூணு பேரும் அங்கதான் இருக்காங்க. கிட்ட வந்து பாருங்க.”

“ஏழு வருஷம்” என்றான். “ஏழு வருஷம் காத்திருந்தது இந்தப் பழுப்புக்கு.”

“எனக்கும் அதே ஏழு வருஷம்தான். உங்களுக்குத் தனியா ஒண்ணும் ஓடலை.”

அதற்குள் அப்பா மணி அடித்துவிட்டார். ஹோஃப்ராட் ஸெட்லர் வந்துவிட்டார். குள்ளமான, பொறுமையான மனிதர். ரயிலில் வாங்கிய ரொட்டியின் எள் மீசையில் இருந்தது. பின்னால் தமாஸ்கின், ஜன்னலை ஒருமுறை பார்த்துக்கொண்டே வந்தார். மூன்று மாணவர்களும் கதவோரம் நின்றார்கள்.

ஹோஃப்ராட் படத்துக்கு முன்னால் போய்க் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். “அருமை. என்ன அருமையான மலைகள். இவ்வளவு மென்மையா மலை போட்டு நான் பார்த்ததே இல்லை. நீங்க மலைக்காரர்னு சொன்னாங்க புரொபசர். தெரியுது.”

எமிலியான் என்னைப் பார்த்தான். நான் புரொபசரைப் பார்த்தேன். ஒன்றும் சொல்லாதீர்கள் என்று மனசுக்குள் சொன்னேன். தலையை ஆட்டுங்கள் போதும்.

“ஒரு சந்தேகம், ஹோஃப்ராட் அவர்களே” என்றார் தமாஸ்கின், பூனை நடையில் பக்கத்தில் வந்து. “இந்தப் படத்துல ரொம்ப கறுத்த பழுப்பு எங்க இருக்கு பாருங்க. வெர்பிட்சாவுல. இந்தக் கட்டடத்து மேல. அப்படின்னா நாம இப்ப மூவாயிரம் மீட்டர் உயரத்துல நிக்கிறோம். எனக்கு மூச்சு வாங்கவே இல்லையே.”

மாணவர்கள் பக்கமிருந்து ஒரு சிரிப்பு வந்து நின்றது.

“அங்க, அந்த மூலையில கோப்பிலா மலை” தமாஸ்கின் நிறுத்தவில்லை. “ஓபர்மோசர் பாரோமீட்டரோட ஆறு தடவை ஏறின மலை. அது வெள்ளையா இருக்கு. சமவெளி போல இருக்கு. இதைத்தான் இவங்க தனித் துறைங்கிறாங்க.”

புரொபசரின் முகம் மாறியது. வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அவர் பொறுத்திருப்பார் என்று இப்போதும் நினைக்கிறேன். கோப்பிலாவைச் சமவெளி என்றது தாங்கவில்லை.

“கோப்பிலா ஆயிரத்து அறுநூத்தி நாப்பத்தொரு மீட்டர்” என்றார். “அங்க ஆளே இல்லை. அதனால வெள்ளை. இந்தப் பழுப்பு மலை இல்லை, ஹோஃப்ராட் அவர்களே. மன்னிக்கணும். இது நீங்க கேட்ட மக்கள் படம்தான்.”

எமிலியான் கண்ணை மூடிக்கொண்டான்.

“மக்களா?” என்றார் ஹோஃப்ராட். “எங்க?”

“மூணு பேரும் ஒருத்தர் மேல ஒருத்தர் இருக்காங்க. கேக்கிறவன் பேச்சுலயே பதில் சொல்ற ஊர்ல எல்லாம் மூணு கலரும் விழுந்திருக்கு. எங்க பழுப்பு கறுத்திருக்கோ அங்க மரியாதை அதிகம். இந்த ஊர்ல வந்தவங்க அத்தனை பேர்கிட்டயும் அவங்கவங்க பேச்சுலயே பேசுறாங்க. அதனால இது உச்சி. இதுக்கு எனக்கு வேற விளக்கம் இல்லை. இதுல தப்பு இருந்தா என்னுடையது. அந்தப் பொண்ணு அறிக்கைப்படிதான் போட்டா.”

ஹோஃப்ராட் படத்தின் பக்கத்தில் போய் நின்றார். மூக்கு படுகிற தூரத்தில்.

“லுபோமிர்ங்கிறது யாரு?” என்றார், படிவங்களைப் புரட்டி.

“நான்தான்.”

“உங்க ஆளுங்க இடம் இதுல சின்னதா இருக்கா?”

லுபோமிர் படத்தைப் பார்த்தான். “எங்க ஆளுங்க எங்க முடியுறாங்கன்னே தெரியலைங்க. எல்லா இடத்துலயும் இருக்கிற மாதிரி இருக்கு.”

“எகோன், உங்களுக்கு?”

“எங்களுக்கும் அப்படித்தான் தெரியுது.” அவனுக்கு மாசக்கணக்கில் இருந்த மஞ்சள் வருத்தம் அன்று தீர்ந்தது போலிருந்தது.

“இலாரியே?”

“குறை ஒண்ணும் இல்லைங்க.”

ஹோஃப்ராட் திரும்பினார். “புரொபசர் தமாஸ்கின், அமைச்சகத்துக் கிடங்குல பதினேழு மாநிலத்து மக்கள் படம் இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் வந்த மாசமே ரெண்டு தரப்புல இருந்து புகார் வந்திருக்கு. ஒரு ஊர்ல படத்தைப் பள்ளிக்கூடத்துல மாட்டினாங்க, மறுநாள் ஜன்னல் கண்ணாடி ஒண்ணுகூட மிச்சமில்லை. இதுல யாரு புகார் கொடுப்பா, சொல்லுங்க?”

“ஆனா இது விஞ்ஞானமா?”

“எனக்கு விஞ்ஞானம் தெரியாது. புகார் தெரியும்.” அவர் கைக்கடிகாரம் இல்லாத காலத்து மனிதர், சட்டைப் பையிலிருந்து சங்கிலியை இழுத்தார். “துறை நிரந்தரம். ஒரே ஒரு நிபந்தனை. படத்துக்குத் தலைப்பு எழுதாதீங்க. மலைன்னு நினைக்கிறவன் மலைன்னு நினைக்கட்டும்.”

“கோப்பிலா?” என்றார் ஓபர்மோசர் பலவீனமாக.

“அதுக்குத் தனியா ஒரு படம் போடுங்க. அடுத்த வருஷ நிதியில.”

அப்பா கதவுக்குப் பின்னால் மூக்கைச் சிந்துவது கேட்டது. தமாஸ்கின் ஜன்னலைக் கடைசியாக ஒருமுறை அளந்துவிட்டுப் போனார்.

“உதவியாளர் பதவிக்கு இவர்தானே?” ஹோஃப்ராட் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து எமிலியான் முன்னால் வைத்தார். “நாலு பத்துக்கு எனக்கு ரயில். இதை நிரப்பிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா நானே கொண்டு போயிடுவேன். தபால்ல போட்டா ஒரு வருஷம்.”

எமிலியான் எழுத ஆரம்பித்தான். பெயர். பிறந்த ஊர். தந்தை பெயர். படிப்பு. பேனா சரசரவென்று போனது. ஒன்பதாவது கட்டத்தில் நின்றது. நான் அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். ‘தினசரிப் பேச்சு.’ ஒரே ஒரு பதிலுக்கு இடம்.

“எழுதுங்க” என்றேன்.

“எதை?”

“ஏதாவது ஒண்ணை.”

“ஏதாவது ஒண்ணா? இப்பதானே அந்தப் படத்துக்காக—”

“படம் மாட்டியாச்சு. இது கல்யாணம். ருதேனியன்னு எழுதுங்க, உங்க அப்பா சந்தோஷப்படுவாரு.”

“எங்கம்மா?”

“அப்ப போலிஷ்னு எழுதுங்க.”

“நான் பாடம் நடத்துறது ஜெர்மன்ல.”

கதவோரத்திலிருந்து லுபோமிர் கழுத்தை நீட்டினான். “டோசென்ட் ஐயா என்ன எழுதுறாருன்னு நாங்களும் பார்க்கலாமா?”

“சும்மா இரு” என்றோம் இருவரும்.

“ரெண்டு எழுதினா?” என்று எமிலியான் ஹோஃப்ராட்டைக் கேட்டான்.

“திரும்பி வந்துடும்.”

“மூணு எழுதினா?”

“நானே திரும்பி வந்துடுவேன்.” அவர் தொப்பியை எடுத்துக்கொண்டார். “மூணு மணி ஐம்பத்திரண்டு.”

“உங்களுக்கு என்கூட வாழ இஷ்டமில்லைன்னா நேரடியாச் சொல்லுங்க, கட்டத்து மேல பழியைப் போடாதீங்க.”

“நான் எங்க அப்படிச் சொன்னேன்? பொய் எழுத வேண்டாம்னுதான் யோசிக்கிறேன். புரொபசர் அத்தனை பேர் முன்னாடி பொய் சொல்லாம நின்னாரு—”

“அவருக்கு ஏற்கனவே வேலை இருக்கு.”

“வாசிலினா மாதிரி பேசுற நீ.”

“தநாசி மாதிரி உட்கார்ந்திருக்கீங்க நீங்க. யாரு வந்திருக்காங்கன்னு பார்த்துச் சொல்ற ஆளு. வந்திருக்கிறது ஹோஃப்ராட், அவருக்கு எது பிடிக்கும்னு கேட்டு எழுதிடுங்க, முடிஞ்சது.”

“எனக்கு எதுவும் பிடிக்கும்” என்றார் ஹோஃப்ராட். “ஒண்ணா இருந்தா போதும்.”

மாணவர்கள் மூவரும் உள்ளேயே வந்துவிட்டார்கள். அப்பா அடுப்புக் கரண்டியோடு நின்றார். வாசலில் வண்டிக்காரன், ஹோஃப்ராட்டின் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். ஓபர்மோசர் மட்டும் சட்டென்று தலை தூக்கி, நோட்டைத் திறந்து, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தபடி ஏதோ குறித்துக்கொள்ளத் தொடங்கினார்.

எமிலியான் அதைப் பார்த்துவிட்டான். பேனாவை மறுபடி மையில் தோய்த்து, கட்டத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு, மெதுவாக என் பக்கம் திரும்பினான்.

“சரி யுஸ்தினா, கோவப்படாம ஒண்ணே ஒண்ணு சொல்லு. இந்தப் பத்து நிமிஷமா நாம ரெண்டு பேரும் எந்தப் பேச்சுல சண்டை போட்டுக்கிட்டு இருந்தோம்?”